ஊர் திரும்பாத பயிற்சியாளர்

கோடை முடிந்ததும் அமெரிக்க விமான நிலையங்களில் ஆண்டுதோறும் ஒரு கூட்டம் புறப்படும். ஆறரை அடி உயரம், தோளில் பெரிய பை, காதில் ஹெட்போன். ஒருவர் துருக்கிக்குப் போவார், ஒருவர் இஸ்ரேலுக்கு, இன்னொருவர் பிலிப்பைன்ஸுக்கு. எல்லோரும் கூடைப்பந்தாட்டக்காரர்கள். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்கள், ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தவர்கள். ஆனால் என்.பி.ஏ. என்ற பெரிய வீட்டின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். என்.பி.ஏ.யில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 நிரந்தர இடங்கள் என்றால் மொத்தம் 450. அதில் ஐரோப்பியரும் ஆபிரிக்கரும் கணிசமான இடங்களைப் பிடித்துவிடுகிறார்கள். மறுபக்கம், அமெரிக்காவில் முதல் தரப் பிரிவில் ஆடும் கல்லூரிகள் மட்டும் 350க்கு மேல். ஆண்டுதோறும் நடக்கும் புதுமுகத் தெரிவில் எடுக்கப்படுபவர்களோ 60 பேர் அளவில்தான். மீதிப் பேர் பந்தை வைத்துவிட்டு வேலை தேட வேண்டும், அல்லது கடல் கடக்க வேண்டும்.

கடல் கடந்தால் கிடைப்பது ஒரு பருவத்துக்கான ஒப்பந்தம். பெரும்பாலும் செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடியும். சம்பளத்தோடு தங்க வீடு, ஓட ஒரு கார், போய்வர விமானச் சீட்டு. முகவருக்கு ஒரு பங்கு. ஆட்டம் சோர்ந்தால் பருவம் முடியும் முன்பே பெட்டி கட்டச் சொல்லும் கழகங்களும் உண்டு. சம்பளத்தை இழுத்தடிக்கும் கழகங்கள் அதைவிட அதிகம். இந்த வழக்குகள் பெருகிப்போய், அவற்றைத் தீர்ப்பதற்கென்றே சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2007ஆம் ஆண்டு தனியாக ஒரு நடுவர் மன்றம் அமைக்க வேண்டியதாயிற்று. பிலிப்பைன்ஸ் லீக்கில் வேறொரு வேடிக்கை. உள்ளூர் வீரர்களை முழுதாக மறைத்துவிடக் கூடாதென்று வெளிநாட்டு வீரருக்கு உயர எல்லை வைப்பார்கள். வந்திறங்கியவரை அளவுகோலின் கீழ் நிறுத்தி அளந்த பிறகுதான் ஆட விடுவார்கள். உயரத்தையே முதலாக வைத்துப் பிழைக்கும் ஒருவர், அங்கே அரை அங்குலம் குட்டையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வேண்டிய நிலை.

இந்தப் பாதையில் பெரிய பெயர்களும் நடந்திருக்கின்றன. பிற்காலத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தின் செனட்டராகிய பில் பிராட்லி, ஒக்ஸ்போர்டில் படித்துக்கொண்டே இத்தாலியின் மிலான் அணிக்கு ஆடப் பறந்து போய்வருவார். 1966இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவரும் ஒருவர். கோபி பிரயன்ட் சரளமாக இத்தாலி மொழி பேசியதற்குக் காரணம் அவருடைய தகப்பன் ஜோ பிரயன்ட். மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, 1984இல், இத்தாலிய அணிகளுக்கு ஆடக் குடும்பத்தோடு போய்விட்டார். ஸ்டீபன் மார்பரியின் கதை இன்னும் விசித்திரமானது. என்.பி.ஏ.யில் புகழும் சச்சரவும் சம அளவில் சம்பாதித்தவர், 2010இல் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று தடவை சம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த நகரத்தில் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

பெண்களின் நிலை வேறு. அமெரிக்கப் பெண்கள் லீக்கின் சம்பளம் நீண்ட காலம் மிகக் குறைவாக இருந்ததால், நட்சத்திரங்களே குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்ப் பிழைத்தார்கள். 2015இல் டயானா டோராசிக்கு அவருடைய ரஷ்யக் கழகம் பணம் கொடுத்து, அந்தக் கோடையில் அமெரிக்க லீக்கில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொன்னது. சொந்த நாட்டில் ஆடுவதைவிட ஆடாமல் இருப்பதற்கு அந்நிய நாட்டில் கூடுதல் கூலி! அதே கழகத்துக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பெப்ரவரியில் மொஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, கைதிகள் பரிமாற்றத்தில் டிசெம்பரில்தான் வீடு திரும்பினார். தொழிலுக்காகக் கடல் கடப்பவர் தலைக்கு மேல் அரசியலும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, இந்த வரைபடத்தில் மட்டக்களப்பு எங்கே வருகிறது? மார்பரிக்குச் சம்பளம் கொடுக்க இங்கே எந்தக் கழகத்திடமும் காசு இருந்ததில்லை. ஆனால் கூடைப்பந்தைக் கையில் ஏந்திய அமெரிக்கர்கள் இந்த வாவிக் கரைக்கு வந்தார்கள். தொழில்முறை வீரர்களாக அல்ல, வெள்ளை அங்கி போட்ட இயேசு சபைத் துறவிகளாக. அவர்களில் ஒருவர் வந்த ஆண்டு 1948.

யூஜின் ஜோன் ஹேபியர் 1923 ஒக்டோபர் 9ஆம் திகதி லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தென்மேற்கு லூசியானாவை வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு அவர் ஏன் மட்டக்களப்பில் ஒட்டிக்கொண்டார் என்பது ஓரளவு விளங்கும். அது நெல் விளையும் பூமி. சதுப்பும் ஓடைகளும் வாவிகளும் கடலோடு கலக்கும் தாழ்நிலம். இறாலும் நண்டும் சோறும்தான் அங்கேயும் வீட்டுச் சாப்பாடு. புழுக்கம் உடம்போடு ஒட்டியிருக்கும். புயல் அடித்தால் கூரை மிஞ்சாது. பிரெஞ்சு வம்சாவளிக் கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி அது. ஹேபியர் என்பது அங்கே தெருவுக்கு நாலு வீட்டில் கேட்கிற குடும்பப் பெயர். பனி கொட்டும் ஊரிலிருந்து வந்தவர் இங்கே வியர்த்து வாடியிருப்பார். ஜெனிங்ஸ்காரருக்கு மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு அவ்வளவு அந்நியமாகப் பட்டிருக்காது.

அவர் வந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். என்.பி.ஏ. என்ற பெயரோ அப்போது பிறந்திருக்கவே இல்லை. 1946இல் தொடங்கிய ஒரு லீக், போட்டி லீக்கோடு இணைந்து 1949இல்தான் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. கூடைப்பந்தாட்டத்தை மட்டும் நம்பி ஒருவர் கடல் கடப்பது அன்று பெரும்பாலும் நினைக்க முடியாத காரியம். ஹார்லெம் குளோப்ட்ரோட்டர்ஸ் போன்ற வேடிக்கை அணிகள் ஊர் ஊராகச் சுற்றிக் காட்டிய வித்தையைத் தவிர, உலகின் பெரும்பகுதி இந்த ஆட்டத்தை அறிந்தது ஆசிரியர்கள், வை.எம்.சி.ஏ. பயிற்றுநர்கள், மதப் பணியாளர்கள் வழியாகத்தான். ஆட்டம் பிறந்ததே அந்த வீட்டில்தானே! 1891 டிசெம்பரில் மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் அடக்கிவைக்க வழி தேடி, பீச் பழக்கூடை இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்ததில் தொடங்கியது அது.

தமிழ்நாட்டுக்கும் அந்த வாசல் வழியாகவே அமெரிக்கர் வந்தனர். 1919இல் சென்னைக்கு வந்த ஹரி குரோ பக், அடுத்த ஆண்டே அங்கே வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவர்தான். கொழும்பில் வை.எம்.சி.ஏ.யின் வோல்டர் கமக் 1916இல் கரப்பந்தாட்டத்தை அறிமுகப்படுத்தினார். அதுவே இன்று இலங்கையின் தேசிய விளையாட்டு.

மட்டக்களப்பில் அந்த வேலையைச் செய்தது புனித மிக்கேல் கல்லூரி. 1873இல் தொடங்கிய இந்தப் பாடசாலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலிருந்து பிரெஞ்சு இயேசு சபையினர் வளர்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையினரிடம் வந்தது. 1947இல் திருகோணமலை ஆயராகப் பொறுப்பேற்ற இக்னேசியஸ் கிளெனியும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. இளம் துறவிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். இயேசு சபையின் பயிற்சி மிக நீளமானது. குருப்பட்டம் பெறும் முன்பே சில ஆண்டுகள் பாடசாலையில் கற்பித்தாக வேண்டும். ஆகவே வந்திறங்கியவர்கள் பீடத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன்பு கரும்பலகைக்கு முன்னால் நின்றார்கள். பின்னேரங்களில் மைதானத்தில் நின்றார்கள். தமிழும் படித்தார்கள்.

அவர்கள் செய்த வேலைகளின் பட்டியல் இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கும். லாங் அடிகளார் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களின் ஒலியைப் பதிவு செய்தார். நகரத்தின் வெபர் மைதானம் விளையாட்டை வளர்த்த இன்னோர் இயேசு சபைத் துறவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1948இல் ஹேபியரைப் போலவே வந்த ஹரி மில்லர் அடிகளார் தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்குப் பாடம் சொன்னார். ஹேபியர் அடிகளாருக்கு வாய்த்தது கூடைப்பந்து வளையம்.

ஏன் கூடைப்பந்து? மத நம்பிக்கையோடு அதற்குச் சம்பந்தமில்லை, இடத்தோடு சம்பந்தமுண்டு. புளியந்தீவு நாலு பக்கமும் வாவி சூழ்ந்த சிறு தீவு. கோட்டை, கச்சேரி, கோயில், தேவாலயம், கடைத்தெரு, இரண்டு பழம்பெரும் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிரிக்கெட்டுக்கு ஒரு வயல் வேண்டும், பெட்டி நிறையச் சாமான் வேண்டும். கூடைப்பந்துக்கு இன்றைய அளவில் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் போதும். இரண்டு கம்பம், இரண்டு பலகை, இரண்டு வளையம், ஒரு பந்து. மாரி மழை விட்ட அரை மணியில் சீமெந்துத் தரை காய்ந்துவிடும். விடுதியில் தங்கிப் படித்த பையன்களுக்குப் பின்னேரப் பாடசாலை மணிக்கும் இரவுச் சாப்பாட்டு மணிக்கும் நடுவில் செய்வதற்கு வேறென்ன இருந்தது?

ஆனால் வளையம் நட்டதும் அணி முளைத்துவிடாது. புதிதாக வரும் பையனுக்குப் பந்து கையில் கிடைத்ததும் முதலில் தோன்றுவது ஓட வேண்டும் என்பதுதான். உதைபந்தாட்டத்தில் பழகிய கால்கள் அவை. இங்கே பந்தைத் தட்டாமல் எட்டு வைத்தால் நடுவர் ஊதிவிடுவார். ஒரு காலை ஆணி அடித்ததுபோல் நிறுத்தி, மற்றக் காலைச் சுழற்றித் திரும்பப் பழக வேண்டும். பிறகு லே-அப். வலப்பக்கமாக வந்தால் வலது கால், இடது கால், எழும்பி, பலகையில் சதுரத்தின் மேல் மூலையில் பந்தை மெல்ல வைக்க வேண்டும். எறியக் கூடாது, வைக்க வேண்டும். இதை ஒரு பின்னேரத்தில் நூறு தடவை செய்ய வைப்பதுதான் அமெரிக்கப் பள்ளிப் பயிற்சியின் அடித்தளம். வலக்கையில் வந்ததும் இடக்கையில் தொடங்கும் அடுத்த நூறு.

அடுத்து, தவறிய பந்துக்கான சண்டை. வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தை உயரமானவன்தான் எடுப்பான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நல்ல பயிற்றுநர் அப்படி நினைக்க மாட்டார். எதிராளி பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கணத்தில் அவனுக்கு முதுகைக் காட்டி, இடுப்பால் அவனைப் பின்னுக்குத் தள்ளி, இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஐந்தரை அடிப் பையனும் ஆறடிக்காரனை வெறுங்கையோடு அனுப்பலாம். அமெரிக்கரோடு ஒப்பிட்டால் நம் பையன்கள் எல்லோரும் குட்டை. அந்தக் குறையை வேகத்தாலும் இடம் பிடிக்கும் சாமர்த்தியத்தாலும் ஈடு செய்வதே நம் நாட்டு அணிகளுக்கு எக்காலத்திலும் இருந்த வழி.

இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அன்றைய ஆட்டம் வேறொரு விளையாட்டாகத் தெரியும். 1956 வரை சர்வதேச விதிகளில் பந்தை எறிவதற்கு நேரக் கட்டுப்பாடே கிடையாது. முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே கடிகாரத்தைக் கொல்லலாம். அந்த ஆண்டில்தான் 30 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி வந்தது. 24 வினாடி ஆனது 2000இல். மூன்று புள்ளிக் கோடு 1984இல்தான் சர்வதேச மைதானங்களில் வரையப்பட்டது. ஆகவே ஹேபியர் காலத்துப் பையன்களுக்குத் தூரத்திலிருந்து எறிவதில் தனி இலாபம் இல்லை. கடைந்து கடைந்து வளையத்தடிக்குப் போயாக வேண்டும். ஆட்டத்தில் பாஸ்தான் உயிர்.

புனித மிக்கேல் கல்லூரி அகில இலங்கைப் பாடசாலைக் கூடைப்பந்தாட்டத்தில் சம்பியன் பட்டங்களை வென்றது. தலைநகரத்தின் பெரிய பாடசாலைகள், நல்ல மைதானம், நல்ல சப்பாத்து, பத்திரிகைகளின் கவனம் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் ரயிலில் குலுங்கிக் குலுங்கி வந்திறங்கும் மட்டக்களப்புப் பையன்கள். இரவு ரயிலில் வாழைச்சேனை, பொலன்னறுவை, மாகோ என்று விடிய விடிய வந்து, கோட்டை நிலையத்தில் இறங்கி முகம் கழுவி ஆடப் போவதென்றால் கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். கிழக்கு மாகாணத்துப் பாடசாலை ஒன்று தேசிய மட்டத்தில் நிமிர்ந்து நின்ற துறைகள் அன்று அதிகம் இல்லை. கூடைப்பந்தாட்டம் அதில் ஒன்று என்பதை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லிக் காட்ட அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கர் வந்து கற்பித்தார் என்பதாலேயே எல்லாம் பொன் என்று எழுதுவது எளிது. மிஷன் கல்லூரிகளுக்கு அவற்றுக்கே உரிய படிநிலைகள் இருந்தன. பையன்களின் பாடசாலையில் பையன்கள்தான் ஆடினார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களில் வளையத்தையே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மிஷன் பாடசாலைகளின் காலம் மாறத் தொடங்கியது. புனித மிக்கேல் இன்று ஒரு தேசிய பாடசாலை. ஆட்டம் நின்றுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கற்றுக்கொண்ட பையன்களில் சிலர் ஆசிரியர்களானார்கள், சிலர் பயிற்றுநர்களானார்கள். கூலிக்கு வரும் வெளிநாட்டு வீரர் ஒரு பருவத்தின் புள்ளிப் பட்டியலை மாற்றுவார். அவர் போனதும் பட்டியலும் பழைய இடத்துக்கு வரும். பயிற்றுநர் தங்கினால் கணக்கு வேறு. இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்கர் ஸ்கொட் ஃபிளெமிங் இருந்தது மூன்று ஆண்டுகள் அளவில்தான்; அதற்குள் 2014இல் வூஹான் நகரில் சீனாவையே சீன மண்ணில் இந்தியா தோற்கடித்தது. மூன்று ஆண்டில் அது முடியும் என்றால், பத்து இருபது ஆண்டு ஒரே மைதானத்தைச் சுற்றி வந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹேபியர் அடிகளார் பின்னர் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் பணியாற்றினார். அங்கும் அதே ஆட்டம், அதே பயிற்சி. அதன் பிறகு மட்டக்களப்புக்குத் திரும்பி, ஈ.ரி.ஐ. என்று ஊரார் அழைக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பொறுப்பை ஏற்றார். சோதனையில் தவறிய, மேலே படிக்க வசதியில்லாத இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் அது. பந்தைத் தட்டக் கற்றுக்கொடுத்தவர் இப்போது பிழைக்க வழி காட்டினார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுவார்.

அதற்குள் காலம் கெட்டுவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து மட்டக்களப்பில் இளைஞர்கள் கைதாவதும் காணாமல் போவதும் அன்றாடச் செய்தியாகின. தாய்மார்கள் வந்து நிற்கும் வாசல்களில் ஒன்று பாதிரிமாரின் வாசல். மட்டக்களப்பு சமாதானக் குழு உருவானது. மில்லர் அடிகளாரும் ஹேபியர் அடிகளாரும் அதில் இருந்தார்கள். காணாமல் போனவரின் பெயர், ஊர், பிடித்துச் சென்ற நாள் எல்லாவற்றையும் எழுதி வைப்பது, முகாம் வாசலில் போய் நிற்பது, கேட்பது, மறுநாளும் போய்க் கேட்பது. வெள்ளைத் தோல் ஓரளவுக்குக் கவசம் என்று அன்று நம்பினார்கள். அந்தக் கவசத்தை அவர்கள் ஊராருக்காகப் பயன்படுத்தினார்கள்.

1990 யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. அந்த ஓகஸ்டைக் கிழக்கில் யாரும் மறக்க முடியாது. 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் இன்னொரு படுகொலை. தமிழ்க் கிராமங்கள் பழிவாங்கலுக்கு இலக்காயின. அயலவர் அயலவரைப் பார்த்துப் பயந்த நாட்கள். வாழைச்சேனையில் நெருக்கடியில் இருந்த அருட்சகோதரிகளின் பாதுகாப்புக்கு வழி பார்க்க ஹேபியர் அடிகளார் அங்கே போயிருந்தார்.

ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். கிரான், சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று நேர் தெரு. வழக்கமான நாளென்றால் ஒரு மணித்தியாலம் போதும். அடிகளாரும், அவரோடு பேட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரும் ஸ்கூட்டரில் புறப்பட்டார்கள். மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை. அடிகளாருக்கு வயது 66. அதில் 42 ஆண்டுகள் இந்தத் தீவில் கழிந்தவை.

ஓர் அமெரிக்கப் பிரஜை காணாமல் போனதற்கே பதில் இல்லையென்றால், மில்லர் அடிகளாரின் கொப்பிகளில் எழுதப்பட்ட மற்றப் பெயர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? அவர் தொடர்ந்து எழுதினார். யுத்தம் முடிந்த 2009இல், எண்பத்து நாலு வயதளவில், ஓய்வெடுக்கவென்று நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். பிறந்த ஊர் அந்நியமாகத் தெரிந்தது. சில வாரங்களிலேயே மட்டக்களப்புக்குத் திரும்பி வந்துவிட்டார். 2018 முடிந்து 2019 பிறக்கும் வேளையில், 93 வயதில், இங்கேயே காலமானார். இலங்கையின் கடைசி அமெரிக்க மிஷனரி என்று வெளிநாட்டு ஊடகங்கள் அவரைப் பற்றி எழுதின.

திசை இப்போது மாறியும் ஓடுகிறது. 2015இல் பஞ்சாபின் பல்லோ கே என்ற கிராமத்துச் சத்னம் சிங்கை டலஸ் அணி 52ஆவது தெரிவாக எடுத்தது; என்.பி.ஏ. தெரிவில் பெயர் வாசிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்தில், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரத்தோடு இலங்கை அணிக்கு ஆசியக் கிண்ணங்களை வாங்கிக் கொடுத்ததோடு, ஆஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடப் போனார். இப்போது கடல் கடந்து போய் ஆடுவது நம் பிள்ளை.

மட்டக்களப்பின் அந்தப் பழைய ஆட்டங்களின் கதை இன்னும் முறையாக எழுதப்படவில்லை. கல்லூரி மலர்களிலும், மங்கிப்போன குழுப் படங்களிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களின் பேச்சிலும் சிதறிக் கிடக்கிறது. 1958இல் பதினைந்து வயதில் ஆடிய பையனுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. அவர் புளியந்தீவில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், டொரொன்டோவில் மகன் வீட்டில் இருக்கலாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர் முன்னால் உட்கார யாராவது ஓர் இளைய மிக்கேலியர் முன்வர வேண்டும். கேட்பதற்கு நிறைய இருக்கிறது: நடு ஆட்டக்காரர் யார், சப்பாத்து யாருக்கு இருந்தது, இறுதியாட்டத்துக்கு எந்த ரயிலில் போனார்கள், தோற்ற நாளில் ஃபாதர் என்ன சொன்னார்.